காரில் சர்வீஸ் ரிமைண்டர் வந்தால்: எதற்கு உடனே போகணும், எதற்குப் பொறுக்கலாம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா போன் செய்தாள். "டேய், கார்ல ஸ்பேனர் படம் எரியுது. ஷோரூம்லேருந்து வேற மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. நம்ம மெக்கானிக்கைக் கேட்டா, 'இன்னும் அஞ்சாயிரம் ஓடட்டும்க்கா, ஒண்ணும் ஆகாது'ங்கறார். நான் யார் பேச்சைத்தான் கேட்கறது?"

அவளுடையது ஆறு வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக். மீட்டரில் 31,100 கி.மீ. கடைசியாக சர்வீஸ் விட்டபோது 26,900. அதாவது பதினொரு மாதத்தில் 4,200 கி.மீ. கார் சொல்கிறது, இன்னும் 26 நாள் இருக்கிறது என்று. ஷோரூம் மெசேஜ் சொல்கிறது, தேதி தாண்டி ஐந்து மாதம் ஆகிவிட்டது என்று. மெக்கானிக் சொல்கிறார், 10,000 ஆகவே இல்லையே என்று. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு கணக்கை வைத்துப் பேசுகிறார்கள். கார் 12 மாதத்தை எண்ணுகிறது. மெசேஜ், நடுவில் வரும் 6 மாதச் செக்கப்பை எண்ணுகிறது. மெக்கானிக் கிலோமீட்டரை மட்டும் எண்ணுகிறார்.

ரிமைண்டர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி "போகணுமா வேண்டாமா" என்பது அல்ல. "இது எதை எண்ணிச் சொல்கிறது?" என்பதுதான். அதற்கு விடை தெரிந்தால் மீதி முடிவுகள் எளிதாக வந்துவிடும். அன்று சாயங்காலம் தாம்பரத்தில் அக்கா வீட்டு பார்க்கிங்கில் நின்று இருவரும் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். உங்கள் காருக்கும் இதே வரிசை பொருந்தும்.

முதல் படி: எரிவது ரிமைண்டரா, எச்சரிக்கையா?

இதில் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். ஸ்பேனர் படமோ, "சர்வீஸ் டியூ" என்ற எழுத்தோ வந்தால் அது நினைவூட்டல். காரில் கோளாறு என்று பொருள் இல்லை. ஆனால் அதே இடத்தில் வேறு படங்களும் எரியும். அவற்றுக்கு இந்தக் கட்டுரையில் வரும் பொறுமை எதுவும் பொருந்தாது.

சிவப்பில் எண்ணெய்க் குடுவை படம் வந்தால் ஆயில் பிரஷர் இல்லை என்று அர்த்தம். ஓரமாக நிறுத்தி என்ஜினை அணைக்க வேண்டும். "வீடு ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டினால் அந்த இரண்டு கிலோமீட்டரில் என்ஜினே போய்விடலாம். சிவப்பில் தெர்மாமீட்டர் வந்தால் என்ஜின் சூடேறிவிட்டது. நிறுத்துங்கள், ஆறவிடுங்கள், சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சிவப்பில் பிரேக் அடையாளம் வந்தால் முதலில் ஹேண்ட்பிரேக் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இறங்கியும் எரிந்தால் வண்டியை எடுக்கக் கூடாது. மஞ்சள் நிற என்ஜின் படம் நிலையாக எரிந்தால் இரண்டொரு நாளில் ஸ்கேனர் போட்டுப் பார்க்கலாம். அது விட்டுவிட்டு மின்னினால் பெட்ரோல் சரியாக எரியாமல் சைலன்ஸருக்குப் போகிறது. அப்படியே ஓட்டினால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வீணாகும், அதன் விலை சாதாரண விலை அல்ல.

அக்கா காரில் எரிந்தது ஸ்பேனர் மட்டும்தான். சரி, அவசரம் இல்லை, உட்கார்ந்து யோசிக்கலாம்.

இரண்டாம் படி: உங்கள் கார் எப்படி எண்ணுகிறது?

ரிமைண்டர்களை நான் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதல் வகை, வெறும் எண்ணிக்கை. கிலோமீட்டர், நாள் இரண்டையும் எண்ணிக்கொண்டே வந்து எது முதலில் தீருகிறதோ அதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்பேனரைக் காட்டும். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் கார்களில் பெரும்பாலும் இதுதான். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்று வைத்திருப்பார்கள். அது ஆயிலைப் பார்ப்பதில்லை, பிரேக்கைப் பார்ப்பதில்லை. நீங்கள் சென்னை ஓ.எம்.ஆர். சாலையில் மணிக்கணக்காக நகராமல் நின்றதும் அதற்குத் தெரியாது.

இரண்டாம் வகை, கணக்குப் போட்டுச் சொல்வது. ஜெனரல் மோட்டார்ஸ் 1980-களின் கடைசியில் அமெரிக்காவில் இதைக் கொண்டுவந்தது. என்ஜின் எத்தனை சுற்று சுற்றியது, ஆயில் எவ்வளவு சூட்டில் வேலை செய்தது என்பதையெல்லாம் கூட்டி, ஆயிலின் ஆயுள் இத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டும். அமெரிக்காவில் விற்கும் ஹோண்டா கார்களில் 15 சதவீதத்துக்கு இறங்கியதும் முதல் நினைவூட்டல் வரும், 5 சதவீதத்தில் இப்போதே மாற்று என்று வரும். கூடவே ஒரு எழுத்தும் எண்ணும் காட்டும். ஏ என்றால் ஆயில், பி என்றால் ஆயிலோடு ஃபில்டரும் பிரேக் முதலிய சோதனைகளும், 1 என்றால் டயர் ரொட்டேஷன் (டயர்களை இடம் மாற்றிப் போடுவது), 3 என்றால் கியர் ஆயில், 7 என்றால் பிரேக் ஆயில்.

அங்கே இந்த முறை வந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றியே ஆக வேண்டும் என்ற பழக்கம் அமெரிக்காவில் ஊறிப் போயிருந்தது. நல்ல ஆயிலைக் கீழே கொட்டிக்கொண்டிருந்தவர்களை "இன்னும் ஓடலாம்" என்று தடுத்தது இந்தக் கணக்குதான். அங்கே இருக்கிற நம்மவர்கள், ஆயில் கடை ஒட்டிவிடும் ஸ்டிக்கரை விட மீட்டரில் வரும் சதவீதத்தை நம்புவது சரி. ஒரே ஒரு நிபந்தனை. இந்தக் கணக்கும் ஆயிலைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதல்ல. மேனுவல் சொல்லும் தரத்தில் ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது. மலிவான ஆயிலை ஊற்றினாலும் அதே சதவீதத்தைத்தான் காட்டும். ஆயில் மட்டம் குறைந்திருந்தாலும் சதவீதம் மாறாது.

மூன்றாம் வகை, நிஜமாகவே அளந்து சொல்வது. சில கார்களின் பிரேக் பேடுக்குள் மெல்லிய கம்பி ஒன்று புதைந்திருக்கும். பேட் தேய்ந்து அந்தக் கம்பி அறுந்ததும் லைட் எரியும். வால்வுக்குள் சென்சார் வைத்த டயர் பிரஷர் எச்சரிக்கை, டீசல் கார்களில் புகை வடிகட்டியின் அடைப்பு, ஆட்ப்ளூ (டீசல் புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்) மட்டம் எல்லாம் இந்த வகை. இவை சொன்னால் வாதாட வேண்டாம், செய்துவிடுங்கள். ஆட்ப்ளூ விஷயத்தில் கார் உங்களுக்கு வேறு வழியே தராது. இன்னும் இத்தனை கிலோமீட்டர் என்று குறைத்துக்கொண்டே வந்து, முழுதும் தீர்ந்தபின் ஒருமுறை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

போனில் வரும் மெசேஜ் இந்த மூன்றிலும் சேராது. இணைய வசதி உள்ள புதுக் கார்கள் மீட்டர் அளவை அனுப்பிவைக்கும், அது வேறு. மற்றபடி ஷோரூம் மெசேஜ் உங்கள் காரோடு பேசுவதே இல்லை. கடைசியாக அங்கே வந்த தேதியோடு மாதத்தைக் கூட்டி, தானாகப் போகும் மெசேஜ் அது. நீங்கள் வெளியில் சர்வீஸ் செய்திருந்தால் அதற்குத் தெரியாது. அந்த மெசேஜை ஒரு நினைவுக் குறிப்பாக எடுத்துக்கொண்டு மேனுவலைத் திறக்கலாம். அதைப் பார்த்துப் பதறி புக்கிங் போட வேண்டியதில்லை.

மூன்றாம் படி: மேனுவலில் இரண்டாவது அட்டவணையைத் தேடுங்கள்

அக்கா காரின் மேனுவல் டேஷ்போர்டு டப்பாவில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான்.

சர்வீஸ் பக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கும், அதை எல்லோரும் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்திலோ கீழே சின்ன எழுத்திலோ இன்னொன்று இருக்கும். கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கு என்று. அதில் இடைவெளி பல பொருட்களுக்குப் பாதியாகக் குறையும். கடினமான சூழல் என்றதும் லடாக் பயணம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பட்டியலைப் படித்துப் பாருங்கள்: அடிக்கடி குறைந்த தூரம், நின்று நின்று போகும் டிராஃபிக், தூசி, கடும் வெயில், மலைப் பாதை. சென்னையில் ஓடும் காருக்கு இவற்றில் குறைந்தது இரண்டு பொருந்தாமல் இருக்காது.

அக்கா காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வருகிறாள், மதியம் போய்க் கூட்டி வருகிறாள். ஒரு வழிக்கு இரண்டரை கிலோமீட்டர். இவ்வளவு குறைவாக ஓடும் கார் நன்றாக இருக்கும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். நடப்பது நேர்மாறு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் பாயும். அதில் எரியாத பகுதி பிஸ்டன் ஓரமாக இறங்கி ஆயிலில் கலக்கும். எரிந்ததில் உண்டாகும் நீராவியும் உள்ளே படியும். நீண்ட தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடாகி இந்த இரண்டும் ஆவியாகிப் போய்விடும். இரண்டரை கிலோமீட்டரில் தண்ணீர்ச் சூடு காட்டும் முள் நடுவுக்கு வரலாம், ஆயில் சூடாக அதைவிட நேரம் பிடிக்கும். அதற்குள் பள்ளி வந்துவிடும். நம் ஊர் வெயிலில் குளிர் நாடுகளை விட இது பரவாயில்லைதான், ஆனால் பிரச்சினை இல்லாமல் இல்லை.

உங்கள் கார் எந்த அட்டவணையில் வரும் என்று சந்தேகம் இருந்தால் ஒரு சின்னக் கணக்கு போடுங்கள். மீட்டரில் சராசரி வேகம் என்று ஒன்று இருக்கும். அக்கா காரில் 17 கி.மீ. என்று காட்டியது. 4,200-ஐ 17-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 247 மணி நேரம். அத்தனை நேரம் என்ஜின் ஓடியிருக்கிறது. அதே 247 மணி நேரம் ஜி.எஸ்.டி. சாலையில் சராசரி 60-ல் போயிருந்தால் 14,800 கி.மீ. ஆகியிருக்கும். நின்றபடி ஓடும் என்ஜினுக்கும் வேகமாக இழுக்கும் என்ஜினுக்கும் சுமை ஒன்றல்ல, அதனால் இரண்டும் துல்லியமாகச் சமம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெக்கானிக் "நாலாயிரம்தானே" என்று சொன்ன அந்த நாலாயிரத்துக்குள் எவ்வளவு நேரம் ஒளிந்திருக்கிறது என்று இது காட்டிவிடும். எனக்குத் தெரிந்து, சராசரி வேகம் 20-க்குக் கீழே இருந்தால் யோசிக்காமல் இரண்டாவது அட்டவணைக்குப் போய்விடலாம்.

நான்காம் படி: பானெட்டைத் திறந்து ஐந்து நிமிடம்

ரிமைண்டர் பார்க்காததை நீங்கள் பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து ஐந்து நிமிடம் விடுங்கள். மஞ்சள் வளையம் வைத்த குச்சி ஒன்று இருக்கும், அதுதான் டிப்ஸ்டிக். உருவி, துணியில் துடைத்து, மறுபடி முழுதாகச் செருகி, மெல்ல எடுங்கள். முனையில் இரண்டு புள்ளிகளோ கோடுகளோ இருக்கும். ஆயில் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும். பல கார்களில் அந்த இடைவெளி சுமார் ஒரு லிட்டர்.

அக்காவிடமே குச்சியைக் கொடுத்தேன். டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். ஆயில் மேல் புள்ளியை ஒட்டி நின்றது, நிறம் கடும் கருப்புக் காபி மாதிரி. "கருப்பாயிருச்சே, கெட்டுப்போச்சா?" என்றாள். நிறம் மட்டும் பார்த்து முடிவு கட்ட முடியாது. ஆயில் அழுக்கைச் சுமப்பதால் கருக்கும், அது அதன் வேலை. டீசல் காரில் மாற்றிய சில நாளிலேயே கருத்துவிடும். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் வாடை தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்தபோது வழவழப்பு குறைந்து நீர்த்தாற்போல் இருந்தது. குறைந்த தூர ஓட்டத்தின் அடையாளம் இதுதான். ஆயில் மட்டம் இறங்காமல் மேலேயே நிற்பதற்கும், ஏன், சில கார்களில் ஏறுவதற்கும்கூட இந்தக் கலப்பு காரணமாகலாம். ஆகவே மட்டம் உயர்ந்தால் சந்தோஷப்படாதீர்கள்.

பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீரோ, என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்டோ கலந்திருக்கிறது. அப்போது ஸ்டார்ட் செய்யாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள்.

கூலன்ட் டப்பாவில் மட்டம் இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. குழாய்த் தண்ணீரை ஊற்றி நிரப்பாதீர்கள், உள்ளே உப்பு படியும். டயரில் வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் சட்டப்படியே ஓட்டக் கூடாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 1820 என்றால் 2020-ம் ஆண்டின் 18-வது வாரம் செய்தது.

ஒன்றை எந்த ரிமைண்டரும் சொல்லாது: வண்டி வெள்ளத்தில் நின்றதா என்பது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன, நீந்தியும் போயின. வீல் அச்சுக்கு மேல் தண்ணீரில் ஓட்டியிருந்தால், மீட்டர் 8,000 கி.மீ. மிச்சம் என்று காட்டினாலும் என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஏர் ஃபில்டர், பிரேக் எல்லாவற்றையும் அந்த வாரமே பார்த்துவிட வேண்டும். கேபினுக்குள் தண்ணீர் வந்திருந்தால் ஸ்டார்ட்டே செய்யக் கூடாது.

ஐந்தாம் படி: பொருள் பொருளாக முடிவெடுங்கள்

"சர்வீஸ்" என்பது ஒரே விஷயம் இல்லை. பத்துப் பதினைந்து சின்ன வேலைகளின் மொத்தப் பெயர். ரிமைண்டர் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைட்டை எரிக்கிறது, நாம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

என்ஜின் ஆயிலும் ஆயில் ஃபில்டரும்: ரிமைண்டர் சொல்வதுதான் கடைசி எல்லை. அதற்கு முன்னால் மாற்றலாம், தாண்டக் கூடாது (தவிர்க்க முடியாத சில நாள் பற்றி ஆறாம் படியில் சொல்கிறேன்). நகரத்துக்குள் குறைந்த தூரம் ஓட்டுகிறவர்கள் 6 மாதம் அல்லது 5,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது. நீண்ட தூரம் சீராக ஓட்டுகிறவர்களுக்கு ரிமைண்டரின் கணக்கே போதும். "சிந்தெடிக் ஆயில், இருபதாயிரம் வரும்" என்று டப்பாவில் போட்டிருந்தாலும் மேனுவலின் எல்லையைத் தாண்டாதீர்கள். ஊரடங்கு வருடமான 2020-ல் என் கார் ஏறக்குறைய ஓடவே இல்லை. ஆனாலும் 12 மாதம் ஆனதும் ஆயிலை மாற்றினேன். நிற்கும் காரிலும் ஆயில் பழசாகும்.

பிரேக் ஆயில்: எல்லோரும் மறக்கிற பொருள் இது, அதனால்தான் இதற்கு அதிக இடம் தருகிறேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேரச் சேர அது கொதிக்கும் சூடு இறங்கிக்கொண்டே வரும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 டிகிரி. டாட் 4 வகைக்கு இது 230-லிருந்து 155-க்கு இறங்கும். ஊருக்குள் ஓட்டும்போது வித்தியாசமே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும்போதுதான் தெரியும். ஆயில் கொதித்து நீராவிக் குமிழி உண்டானால் பெடல் சும்மா அடிவரை இறங்கிவிடும், வண்டி நிற்காது. பல மேனுவல்கள் கிலோமீட்டரைப் பார்க்காமல் 2 அல்லது 3 வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. அக்காவின் பில்களை எல்லாம் புரட்டினோம். ஆறு வருடத்தில் ஒருமுறைகூட மாற்றவில்லை. மீட்டரும் சொல்லவில்லை, மெசேஜும் சொல்லவில்லை. இரண்டு மாதம் முன்னால்தான் குடும்பத்தோடு ஏற்காடு போய் வந்தாள்.

டைமிங் பெல்ட்: என்ஜினின் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குவது இது. உங்கள் காரில் செயினா பெல்ட்டா என்று ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செயின் என்றால் கவலை குறைவு. பெல்ட் என்றால் மேனுவல் சொல்லும் கிலோமீட்டர் அல்லது வருடம், இரண்டில் முதலில் வருவதில் மாற்றியே தீர வேண்டும். அறுந்தால் பல என்ஜின்களில் பிஸ்டன் வால்வில் மோதி என்ஜினைப் பிரிக்க வேண்டி வரும்.

ஏர் ஃபில்டரும் ஏ.சி. கேபின் ஃபில்டரும்: இவற்றுக்கு ரிமைண்டர் தேவையே இல்லை, கண்ணால் பார்த்து முடிவெடுக்கலாம். பல கார்களில் கேபின் ஃபில்டர் டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும், கையாலேயே கழற்றிவிடலாம். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரிந்துவிடும்.

ஸ்பார்க் பிளக், கூலன்ட், டயர் ரொட்டேஷன்: மேனுவல் சொல்வதைச் செய்யுங்கள். ஓரிரு ஆயிரம் கிலோமீட்டர் தள்ளினால் பெரிய நஷ்டம் வராது.

டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புகை வடிகட்டியோடு வரும் டீசல் கார்கள், வடிகட்டியில் சேரும் கரியைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அதற்கு நல்ல சூடு வேண்டும், அதாவது சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். தினமும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அந்தச் சுத்தம் பாதியிலேயே நின்றுபோகும். வடிகட்டி லைட் எரிந்தால் ஒத்திப்போடாமல் அன்றே பைபாஸில் 60-க்கு மேல் சுமார் 20 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் காருக்குரிய வேகமும் நேரமும் மேனுவலில் இருக்கும். அப்படியும் அணையாவிட்டால் சர்வீஸ் சென்டர். அலட்சியம் செய்தால் வடிகட்டியையே மாற்ற வேண்டி வரலாம்.

ஆறாம் படி: எத்தனை நாள் தள்ளலாம்?

வாரன்டி இருக்கிற காரா? அப்படியென்றால் தள்ளவே வேண்டாம். சர்வீஸ் அட்டவணையைப் பின்பற்றவில்லை என்று காரணம் காட்டி நாளைக்கு வாரன்டியை மறுக்க இடம் கொடுக்கக் கூடாது. சில நாள் சலுகை உண்டா என்பது வாரன்டி புத்தகத்தில் இருக்கும். வாய்ச்சொல்லை நம்பாமல் அதைப் பாருங்கள். பில்களைப் பத்திரமாக வையுங்கள்.

வாரன்டி முடிந்த கார், ஆயில் மட்டம் சரியாக இருக்கிறது, முதல் அட்டவணையில்தான் ஓடுகிறது என்றால், வேலை நெருக்கடியில் இரண்டு வாரமோ சில நூறு கிலோமீட்டரோ தள்ளினால் என்ஜின் கெட்டுவிடாது. அதை வழக்கமாக்க வேண்டாம். பொங்கலுக்கு ஊருக்குப் போவதற்கு முன்னால் ரிமைண்டர் 500 கி.மீ. மிச்சம் காட்டினால் என்ன செய்வது? சென்னையிலிருந்து மதுரை போய்த் திரும்பவே 900-க்கு மேல் ஆகிவிடும். முன்னாலேயே முடித்துவிட்டுக் கிளம்புங்கள். அதே சமயம் புறப்படும் அன்று காலையில் சர்வீஸ் எடுக்காதீர்கள். எடுத்தபின் இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டிப் பார்த்தால், ஒழுகல், சத்தம், இறுக்காமல் விட்ட நட்டு எல்லாம் அதற்குள் தெரிந்துவிடும்.

ஏழாம் படி: எஸ்டிமேட்டைப் பிரித்துக் கேளுங்கள்

ரிமைண்டரைப் பார்த்து நீங்கள் போவது ஆயில் மாற்ற. அங்கே கையில் வருவது முழு நீளப் பட்டியல். என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், த்ராட்டில் பாடி கிளீனிங், ஏ.சி. கிருமிநாசினி, என்ஜின் டிரெஸ்ஸிங். சர்வீஸ் அட்வைசரிடம் மரியாதையாக ஒரே கேள்வி கேளுங்கள்: "சார், இது மேனுவல்ல எந்தக் கிலோமீட்டருக்குப் போட்டிருக்கு?" மேனுவலில் இருந்தால் செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் காரில் என்ன அறிகுறி பார்த்தார் என்று கேளுங்கள். அறிகுறி இருந்தால் யோசிக்கலாம். இரண்டும் இல்லையென்றால் ஜாப் கார்டிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அடிப்பாகக் கோட்டிங் பயன்படும், அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

கொடுப்பதற்கு முன் பழைய ஏர் ஃபில்டரின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். மூன்று வருடம் முன்னால் ஒரு சர்வீஸ் சென்டரில் ஃபில்டர் மாற்றியதாக எனக்குப் பில் தந்தார்கள், மீட்டரில் ரிமைண்டரும் சுத்தமாக அழிந்திருந்தது. வீட்டுக்கு வந்து திறந்தால் நான் போட்ட கோடு அப்படியே இருந்தது. ரிமைண்டர் அழிந்திருப்பது வேலை நடந்ததற்குச் சாட்சி இல்லை என்று அன்று தெரிந்தது. திரும்பப் போய்க் காட்டியதும் மாற்றித் தந்தார்கள். அதிலிருந்து பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டுகிறேன்.

எட்டாம் படி: ரீசெட் செய்து எழுதிவையுங்கள்

அக்கா கார் வாரன்டி தாண்டியது, அதனால் நம்ம மெக்கானிக்கிடமே விட்டோம். சராசரி வேகத்தைக் காட்டி அந்த 247 மணி நேரக் கணக்கைச் சொன்னதும் அவரே, "அப்படின்னா ஆறு மாசத்துக்கு ஒருக்கா போட்றலாம்க்கா" என்றார். மேனுவலில் உள்ள 0டபிள்யூ-20 தர என்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், பிரேக் ஆயில், கேபின் ஃபில்டர். அவ்வளவுதான். ஏர் ஃபில்டர் நன்றாக இருந்தது, விட்டுவிட்டோம். வெளியே வந்த பிரேக் ஆயிலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் காட்டினார். டீ டிகாக்‌ஷன் நிறம். புதியது வெளிர் மஞ்சளாக இருக்கும்.

வெளியில் சர்வீஸ் செய்தால் ரிமைண்டரை ரீசெட் செய்ய மறந்துவிடுவார்கள். பழைய ஸ்பேனர் தொடர்ந்து எரியும், கொஞ்ச நாளில் கண்ணுக்குப் பழகிவிடும், அடுத்த முறை நிஜமாக வரும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். பல கார்களில் இக்னிஷனைப் போட்டு ட்ரிப் பட்டனை அழுத்திப் பிடித்தாலோ, ஸ்கிரீன் மெனுவில் சர்வீஸ் பகுதிக்குப் போனாலோ ரீசெட் ஆகும். செய்முறை மேனுவலில் இருக்கும். இடைவெளியை நாமே மாற்ற விடும் கார்களும் உண்டு. அக்கா காரில் அப்படி இருந்தது, 5,000 கி.மீ., 180 நாள் என்று வைத்தோம். இனிமேல் ஸ்பேனர் எரிந்தால் அது அவளுடைய ஓட்டத்துக்கான கணக்கு.

பானெட்டின் உள்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, தேதி போட்டு அக்காவே எழுதினாள்: "31,164. ஆயில், ஃபில்டர். அடுத்து 36,164 அல்லது 6 மாசம். பிரேக் ஆயில் மாத்தியாச்சு, அடுத்து 2 வருஷம்." மீட்டரைப் போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். நாலு நாள் கழித்து ஷோரூமிலிருந்து மறுபடி மெசேஜ் வந்தது, சர்வீஸ் தேதி தாண்டிவிட்டது என்று. அந்த எண்ணுக்கு போன் செய்து, வெளியில் முடித்துவிட்டதைச் சொல்லி, தேதியையும் கிலோமீட்டரையும் பதிந்துகொள்ளச் சொன்னாள்.